ராயப்பேட்டைத் தராசு

யுத்தத்தின்போது சீமைச் சரக்கு வருவது நின்றுபோயிற்று. மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த கடையில் பள்ளிக்கூடங்களுக்கான விஞ்ஞானச் சாமான்கள் விற்றோம். குடுவை, சோதனைக் குழாய் எல்லாம் எப்படியோ கிடைத்துக்கொண்டிருந்தன. தராசுதான் கிடைக்கவில்லை. கேட்டு வரும் ஆசிரியர்களிடம் இல்லை என்று சொல்வது என் வேலை. அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கூச்சமாக இருக்கும். பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். படித்தவர்கள் முன்னால் நாக்கு எழாது. நாற்பது வயது தாண்டியும் அது மாறவில்லை.

ராயப்பேட்டையில் ஒரு பாய் நகைக்கடைத் தராசுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளி அவரிடம் பழைய ஜெர்மன் தராசு ஒன்றைக் கொடுத்து, அதைப் போல் செய்துதரச் சொன்னார். பாய் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு மாதக்கணக்கில் அதிலேயே உட்கார்ந்தார். கடைசியில் கண்ணாடிக் கூட்டோடு ஒரு தராசு உருவாயிற்று.

அந்தச் சமயம் தியாகராய நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியர் மாநாடும், கூடவே விஞ்ஞானச் சாமான் கண்காட்சியும் நடந்தன. எதை வாங்கலாம் என்று பள்ளிகளுக்குச் சொல்ல ஒரு கல்லூரிப் பேராசிரியர் வருவார். அவர் சரி என்றால் பாய் மேலும் தராசுகள் செய்யலாம். இல்லையென்றால் இதோடு விட்டுவிடுவது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை பாய் தராசின் தண்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குதிரை வண்டியில் வந்தார். எல்லாவற்றையும் பூட்டி, திருகைத் திருப்பி, முள்ளை நடுவில் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனார். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, திறப்பு நாள் என்று ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்தார். பாய் திரும்பியபோது முள் விலகி நின்றது. சரி செய்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகியது. மறுபடி சரி செய்தார்.

பேராசிரியர் வந்த நேரம் அது விலகித்தான் இருந்தது.

"முள் நடுவுல நிக்கலையே. மத்ததெல்லாம் பார்த்துட்டு மறுபடி வரேன். அப்பவும் இப்படின்னா இதை எடுத்துடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்க்கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "பாய், அரை வீசை கத்திரிக்கா போடுங்க."

"சொத்தை இல்லாததா கொண்டா நைனா, போடறேன்" என்றார் பாய்.

பிறகு தண்டைப் பார்த்தார், கொக்கிகளைப் பார்த்தார். முட்டி போட்டுத் தட்டுக்கு அடியில் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இடது தட்டின் அடியில் ஒரு சந்தனப் பொட்டு. ஈரம் காயக் காய அதன் எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

"துடைச்சிடுங்களேன் பாய்."

"சாமிக்கு வெச்சது. நான் தொடச்சேன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. நீ தொடச்சாலும் பெரியவரு மனசு கஷ்டப்படும். அவராண்ட சொல்லு, போ."

முதலாளி இரண்டு தலைமையாசிரியர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். வாய் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தின் கோடியில் பேராசிரியர் நுழைவது தெரிந்தது.

"ஸார், உங்க பொட்டாலதான் தராசு நிக்கலை" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"பொட்டை அழிக்கச் சொல்றியா? நல்ல நாளும் அதுவுமா?" என்றவர், வந்து குனிந்து பார்த்தார். "கண்ணுல படாம இருக்கட்டும்னுதானே அடியில வெச்சேன். அந்தத் தட்டுக்கும் ஒண்ணு வெச்சுட்டா சரியாயிடாதோ?"

"வெய்யி சாமி. அது காயறப்போ இது காஞ்சிப் பூட்டிருக்கும். அப்பால இதுக்கு வெய்யி. வெச்சிக்கினே இருக்கலாம்" என்றார் பாய்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலால் பொட்டை வழித்தெடுத்தார். நெற்றியில் விபூதிப் பட்டை இருந்ததால் கழுத்தில் தடவிக்கொண்டார். மீதியை பாய் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, முள்ளைச் சரி செய்தார்.

பேராசிரியர் எடைக்கற்களை வைத்தார், எடுத்தார், தட்டு மாற்றி வைத்தார். அவசரமே படவில்லை. பிறகு முதலாளியிடம் இங்கிலீஷில் பேசிவிட்டு நகர்ந்தார். முதலாளியும் கூடவே போனார்.

"இன்னா சொன்னாரு?" என்றார் பாய்.

எனக்குப் பாதிதான் புரிந்திருந்தது. "ஜெர்மன் தராசு அளவுக்கு இல்லைன்னார்."

பாயின் முகம் விழுந்துவிட்டது. மற்றதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆனா பிள்ளைகளுக்கு இது போதுமாம். எல்லாப் பள்ளிக்கும் சொல்றேன்னார். அவர் காலேஜுக்கே ரெண்டு கேட்டிருக்கார்."

"தராசா?"

"தராசுதான் பாய்."

அவர் கண்ணாடிக் கதவை மெதுவாக மூடினார்.

"ஜெர்மன்காரன் எத்தினி வருசமா பண்ணிக்கினு கீறான். எனக்கு இதானே மொதலு" என்றார். பிறகு டீ குடிக்க என்னையும் கூப்பிட்டார்.