அக்கா மேடையேறிய நாளும் அதன் பின்னான ஏழு மாதங்களும்

அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைகளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். அக்காவின் நற்குணங்களைப் பற்றி மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது வேறொன்று. அக்கா உயிரோடு இருந்தபோதே ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

அக்கா வவுணதீவில் பிறந்தார். எங்கள் அப்பா வயல் வட்டையில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வேளாண்மை செய்தவர். அக்கா உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான அதே வருடம் அப்பா காய்ச்சலில் படுத்தார்; பிறகு எழும்பவில்லை. விடுதியில் வைத்துப் படிப்பிக்க எங்களுக்கு எவரும் இருக்கவில்லை. அக்கா மருத்துவமாதுப் பயிற்சிக்குப் போனார். அங்கே பயிற்சிக் காலத்திலேயே மாதம் ஒரு படி கொடுத்தார்கள். அந்தப் படியில்தான் நான் படித்தேன். தெரிவுக் கடிதம் வந்த விடயமே எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் தெரியும். அதுவும் அம்மா வாய் தவறிச் சொன்னது.

வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைக் கிராமங்களில் முப்பது வருடங்களுக்கு மேல் அக்கா வேலை செய்தார். ஊரில் எல்லோரும் அவரை ‘மிஸ்ஸி’ என்றே அழைத்தார்கள். யுத்த காலத்தில் பாதை பூட்டிக் கிடந்த ஒரு நாள், வலி கண்ட பெண்ணை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு சோதனைச் சாவடிக்குப் போய், விடும்வரை வெயிலில் நின்றவர். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை, எந்த வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததை அவர் தன் கணவர், எங்கள் அத்தானிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் ஓய்வு பெற்ற வருடத்தில், சுவிஸில் இருக்கும் என் பள்ளித் தோழன் விடுமுறையில் வந்தான். “படுவான்கரையில இருந்து கம்பஸ் போற பிள்ளைகளுக்கு நாங்க ஏதாவது செய்யோணும்டா” என்றான். அவனும் அங்குள்ள சில நண்பர்களும் மாதம் தவறாமல் பணம் அனுப்ப, நான் கடிதம், வங்கி வேலைகளைப் பார்த்தேன். பிள்ளைகளைத் தெரிவு செய்யும் பொறுப்பை அக்கா ஏற்றார். வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வந்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு கொப்பியில் நாலைந்து வரி எழுதி வைப்பார். தெரிவு செய்வதற்கு மட்டுமே அந்தக் கொப்பி. நான்காவது வருடத்தில் பதினொரு பிள்ளைகள் அந்த உதவியில் படித்தார்கள்.

அந்த வருடம் தோழன் மீண்டும் வந்தான். ஒரு கூட்டம் வைத்து, பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, வீடியோ எடுக்க வேண்டும் என்றான். அவன் பெருமைக்காகக் கேட்கவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். சுவிஸில் நடக்கும் ஒன்றுகூடலில் அந்த வீடியோவைக் காட்டினால் இன்னும் பலர் சேருவார்கள், மேலும் இருபது பிள்ளைகளை எடுக்கலாம் என்பதே அவனுடைய எண்ணம். அக்கா கூட்டத்துக்குச் சம்மதித்தார். என்னிடம் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

“பேரும் படிக்கிற பாடமும் சொல்லுங்க. வீட்டுக் கதை ஒண்டும் வாசிக்கப்படாது.”

நான் ஓம் என்றேன். கூட்டத்துக்கு முதல் நாள் தோழன் என்னிடம், “சும்மா பேர வாசிச்சா அங்க ஆருக்கடா மனம் இளகும்? ரெண்டு வரி தாவன்” என்றான். அக்கா சந்தைக்குப் போயிருந்தார். நான் அவருடைய கொப்பியை எடுத்து, பதினொரு பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு வரி பார்த்து எழுதிக் கொடுத்தேன். இருபது பிள்ளைகள் என்ற எண்ணம்தான் அப்போது என் தலைக்குள் நின்றது.

மண்டபம் நிறைந்திருந்தது. அறிவிப்பாளர் முதல் மூன்று பிள்ளைகளின் வரிகளை வாசித்தார். அவை பெரிதாக யாரையும் சுடவில்லை. ஆனாலும் முன்வரிசையில் இருந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். நான்காவதாக ஒரு பெண்பிள்ளை மேடைக்கு வந்தாள். அவளை இங்கே வாணி என்று அழைக்கிறேன். அது அவளுடைய பெயரல்ல. கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பாளர் அவளுடைய தாயைப் பற்றிய ஒரு விடயத்தை உரத்த குரலில் வாசித்தார். அந்தத் தாய் அக்காவிடம் மட்டும், அதுவும் எத்தனையோ வருடங்கள் கழித்து, சொன்ன விடயம் அது. தாய் மூன்றாவது வரிசையில் இருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வாணி கையில் உதவிப்பண உறையோடு அசையாமல் நின்றாள். கமரா அவளுடைய முகத்துக்குக் கிட்டே போனது.

அக்கா எழும்பிப் படியேறினார். “மைக்கத் தாங்க தம்பி” என்று வாங்கினார்.

“இந்தப் பிள்ளைகள் படிச்சதால இஞ்ச நிக்கிறாங்க. வேற ஒண்டாலயும் இல்ல. இப்ப வாசிச்சது நான் எழுதி வச்ச குறிப்பு. எழுதினது என்ட பிழை. அந்தத் தாயிட்ட எல்லாருக்கும் முன்னால நான் மன்னிப்புக் கேக்கிறன். கமராவ நிப்பாட்டுங்க. பிள்ளைகள் கீழ இறங்குங்க.”

பதினொரு பேரும் இறங்கினார்கள். வாணியும் தாயும் எவரையும் பார்க்காமல் வெளியே போனார்கள். தோழன் தனக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தான். “ஊருக்கு முன்னால என்னக் கேவலப்படுத்திப் போட்டாடா உன்ட அக்கா” என்றான். அவனுடைய கண்கள் கலங்கியிருந்தன. அவனுக்கு அக்காவின் நிபந்தனை தெரியாது. நான் சொல்லவேயில்லை. அப்போதும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் கத்தினேன். “அஞ்சு நிமிசம் பொறுத்திருக்கேலாதா அக்கா? பதினொரு பிள்ளையட படிப்பு!”

அக்கா தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார். “கொப்பிய ஆர் எடுத்த?”

நான் செருப்பைத் தேடி மாட்டினேன். அவர் கோப்பையைக் கழுவி வைத்தார்.

“சரி. மறுகா என்ன செய்யிறெண்டு பாப்பம்.”

அதன் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. அது எனக்கு அடியைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த மாதம் சுவிஸிலிருந்து எதுவும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பிள்ளைகள் தொலைபேசி எடுத்து, நேரடியாகக் கேட்க வெட்கப்பட்டு, “மிஸ்ஸி சுகமா இரிக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டு வைத்தார்கள். அக்கா தன் ஓய்வூதியத்தைப் பிரித்தார். போதவில்லை. அறுவடை தொடங்கியதும் அத்தானின் உழவு இயந்திரத்தில் ஏறி வட்டை வட்டையாகப் போனார். சூடடிக்கும் இடத்தில் நின்று, “கம்பஸ் பிள்ளைகளுக்கு ஒரு மூட நெல்லுத் தாங்க” என்று கேட்டார். தான் பிரசவம் பார்த்த பிள்ளைகள்தான் இப்போது வயல்காரர்கள். எவரும் இல்லையென்று சொல்லவில்லை. கரடியனாறுவரை போய் வந்தார். அந்த அலைச்சலில்தான் அவர் மெலிந்துபோவதை நாங்கள் கவனித்தோம். அலைச்சல் என்றே நினைத்தோம். நாலாம் மாதம் ஆஸ்பத்திரியில் வயிற்றில் கட்டி என்றார்கள். சத்திர சிகிச்சைக்குத் திகதி கொடுத்தார்கள்.

பத்துப் பிள்ளைகள் எப்படியோ தாக்குப்பிடித்தார்கள். வாணி விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து அதன் விடுதியில் தங்கிவிட்டாள் என்று அறிந்தோம். அக்கா எடுத்த அழைப்பு ஒன்றுக்கும் பதில் இல்லை. மூன்றாம் வருடப் பதிவு ஒரு வெள்ளிக்கிழமை நான்கு மணியோடு முடிகிறது என்றும், அதைத் தவறவிட்டால் அவளுடைய இடம் போய்விடக்கூடும் என்றும் மற்றப் பிள்ளைகள் மூலம் தெரிந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் அதற்கடுத்த திங்கட்கிழமை.

வியாழன் மாலை என்னிடம் ஒரு வானைப் பிடிக்கச் சொன்னார். தொழிற்சாலை விடுதி வாசலில் இறங்கியபோது அவருக்கு நிற்கவே இயலவில்லை. மேற்பார்வையாளர் அம்மா உள்ளே போய்த் திரும்பி வந்தார்.

“அந்தப் பிள்ள வரமாட்டாவாம். மிஸ்ஸிய நம்பித்தான் தன்ட அம்மா சொன்னவவாம். மிஸ்ஸி எல்லாருக்கும் வாசிக்கக் குடுத்திட்டாவாம்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மதிலில் கை வைத்து நின்றார். இப்போதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்வாரோ என்று பயந்தேன் என்பதே உண்மை. “இன்னொருக்காக் கேட்டுப் பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

அந்த இடத்தில் என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு முன்விறாந்தைக்குப் போனேன். வாணி யன்னலுக்குப் பின்னால் நின்றாள்.

“பிள்ள, அத வாசிக்கக் குடுத்தது மிஸ்ஸி இல்ல. நான். அவ இல்லாத நேரம் கொப்பியப் பாத்து எழுதிக் குடுத்தன். வாசிக்கப்படாதெண்டு அவ முதலே சொன்னவ. அண்டைக்கு மேடையில என்னக் காட்டிக் குடுக்காம, தன்ட தலையில போட்டுக்கொண்டா.”

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். கதவைத் திறந்து என்னைக் கடந்து வாசலுக்குப் போனாள்.

“ஏன் மிஸ்ஸி நீங்க சொல்லல்ல?”

“எழுதினது நான்தானே மகள். எழுதாம விட்டிருந்தா எடுக்க ஒண்டும் இருந்திராது.” அக்கா மூச்சு வாங்கினார். “கோவம் இருந்தா வச்சிரு. நாளைக்கு நாலு மணியோட பதிவு முடியுது. போறியா, இல்லையா?”

“அம்மா ஊருக்குள்ள தலை நிமித்தி நடக்கிறல்ல.”

“நீ இஞ்ச இருந்தா நடப்பாவா?”

வாணி அழுதாள். பிறகு உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

விடியற்காலை முதல் பஸ்ஸில் நானும் வாணியும் புறப்பட்டோம். மகியங்கனை தாண்டி மலையேறும் வளைவுகளில் ஒரு லொறி குறுக்கே சரிந்து பாதையை அடைத்திருந்தது. பதினொரு மணி, பன்னிரண்டு மணி, ஒரு மணி. அக்கா அரை மணிக்கு ஒருதரம் எடுத்து, “எங்க நிக்கிறீங்க?” என்று கேட்டார். அதே இடத்தில்தான் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். கடைசியில் வாணியே, “மாமா, இறங்கி நடப்பம்” என்றாள். அன்றைக்கு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. லொறியைச் சுற்றி நடந்து, மறுபக்கம் ஒரு வானில் இடம் கேட்டு ஏறினோம். நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் அவள் அலுவலகப் படியில் ஓடியேறினாள். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். வெளியே வந்து தலையை ஆட்டினாள். அக்காவுக்கு எடுத்தேன். “ஓம்” என்றேன். மறுமுனையில் அத்தானின் குரல் கேட்டது. “உன்ட அக்கா அழுறா. வை, பிறகு எடு.”

திங்களன்று அக்காவுக்குச் சத்திர சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு தோழனுக்கு நடந்ததை முழுவதும் எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு அவன் என்னை விட்டு நேராக அக்காவுக்கு எடுத்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

“தம்பி,” என்றார் அக்கா, “மேடையில செய்ததுக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டன். ஆனா அண்டைக்கு உங்கள ஒரு வாய் சோறு தின்னாம அனுப்பினது என்ட பிழைதான்.”

அவன் ஏதோ சொன்னான். அக்கா சிரித்தார். வயிற்றுத் தையல் நொந்து முகத்தைச் சுளித்துக்கொண்டும் சிரித்தார்.

ஏழாம் மாதம் உதவி மீண்டும் வந்தது. வீடியோ கேட்கப்படவில்லை. ஆனால் சுவிஸ் நண்பர்கள் சிலர் விலகிவிட்டார்கள். அந்தப் பதினொரு பேரும் படித்து முடிக்கும்வரைதான் அனுப்ப முடியும் என்றான் தோழன். புதிதாக இருபது பிள்ளைகளை எடுக்கும் எண்ணம் அத்தோடு நின்றுபோனது. அந்த இருபது பேரும் யாரென்று நமக்குத் தெரியாது. அவர்களில் சிலர் படிக்காமல் போயிருப்பார்கள். இதை அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். “எனக்கும் அதுதான் நித்திரை வாறல்ல” என்றார்.

சத்திர சிகிச்சைக்குப் பின் அக்கா ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார். கடைசி மாதங்களில் வலி கடுமையாக இருந்தது. வாணியின் தாய் கிழமையில் இரண்டு நாள் வந்து அவருக்குத் தலைவாரி விடுவார். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. ஒரு காலை, அக்காவின் மகள் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கும்போது அவருடைய மூச்சு நின்றது.

அக்காவுக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், முறை வைத்து வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவமாதுகளுக்கும், இரவு பகலாகத் தாயைத் தாங்கிய என் மருமகளுக்கும், அத்தானுக்கும், நெல் மூட்டை தந்த வட்டைக்காரர்களுக்கும், பந்தல் போட்டு, பறைமேளத்துக்குச் சொல்லி, பாடை தூக்கிய ஊரவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விமானம் ஏறி வந்து மண்டபத்தில் அல்லாமல் எங்கள் அடுப்படியில் இருந்து சாப்பிட்டுப் போன தோழனுக்கு என் தனிப்பட்ட நன்றி. தன் பெயரை அச்சிட வேண்டாம் என்று அவன் கேட்டிருக்கிறான்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் வாணியிடமும் தாயிடமும் கொண்டுபோனேன். வாணி தாய்க்குக் கேட்கும்படி முழுவதையும் வாசித்தாள். தாய் ஒரு வரியை நீக்கச் சொன்னார். வாணி என் பேனையை வாங்கி அதை வெட்டினாள். ஏனென்று நான் கேட்கவில்லை. அந்த வரி இங்கே இல்லை.