நாலு ஃப்ரேம் குறையுது

என் வீட்டுக்காரருக்கு தண்ணி மீட்டர் கம்பெனியில வேலை. மீட்டர் ஒழுங்கா ஓடுதா, பொய் சொல்லுதான்னு இருபது வருஷமா சோதிச்சுச் சோதிச்சு, மீட்டர் இல்லாத எதுமேலயும் மனுஷருக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சு. நான் காய்ச்சல்னு படுத்தா நெத்தியைத் தொட்டுப் பார்க்க மாட்டார், தெர்மாமீட்டரைத் தேடுவார். அதுவும் ரெண்டு வேணும். ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் கொடுக்குமாம்.

இந்த லட்சணத்துல மகளுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினார். பதினாறு வயசுல அவ கம்ப்யூட்டர் விளையாட்டுல படு கெட்டி. ஒரு அணியே அவளைக் கூப்பிட்டிருந்தது. மூணு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, நாலு மணிக்குத் தேர்வு ஆட்டம், நல்லா ஆடினா சேர்த்துக்கறோம்னு. அவளுக்குத் தூக்கத்துலயும் அதே நினைப்பு.

கடைக்காரர் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "நொடிக்கு நூத்தி நாப்பத்தி நாலு ஃப்ரேம் வரும் சார்"னு சொல்லித் தொலைச்சார். ஒரு நொடியில திரையில அத்தனை தடவை படம் மாறுமாம். வீட்டுல போட்டுப் பார்த்தா நூத்தி நாப்பது. மகள் துள்ளிக் குதிச்சா. இவர் முகம் சுருங்கிப் போச்சு.

"நாலு குறையுதே?"

"குறைஞ்சா என்னப்பா? கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததுனாலதாம்மா மீட்டர் வைக்கிறது."

அப்புறம் என்ன, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ஃப்ரேமை எண்ண, திரை மூலையில நம்பர் காட்டற ஒரு மீட்டர் புரோகிராமைப் போட்டார். அது சரியா எண்ணுதான்னு பார்க்க இன்னொண்ணு. சூட்டுக்கு ஒண்ணு, உள்ளே சுத்துற விசிறிக்கு ஒண்ணு. வேகத்தைக் கூட்டும்னு எவனோ சொன்ன புரோகிராம் மூணு. ஆதாரம் வேணாமா? நாள் முழுக்கத் திரையைப் பதிவு பண்ண வேற ஒண்ணு. ஃப்ரேம் நூத்திப் பத்தாச்சு, எண்பதாச்சு. குறையக் குறைய இவருக்கு ஒரே உற்சாகம். "நான் அப்பவே சொல்லலை? இதுல கோளாறு இருக்கு!"

உள்ளே படத்தை ஓட்டற கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டினார், மாட்டினார், திரும்பக் கழட்டினார். பெட்டி மூடியைத் திறந்துட்டு டேபிள் ஃபேனை அதுக்கு முன்னாடி வெச்சார். அது என் ஃபேன்! நான் அடுப்படியில வேர்த்து ஊத்த நின்னேன். கடைக்காரருக்கு வரைபடமெல்லாம் போட்டு எட்டுப் பக்கக் கடுதாசி போச்சு. பாவம், அவர் இப்போ எங்க நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்கறதில்லை.

"அந்த மீட்டரையெல்லாம் எடுத்துடுங்கப்பா"ன்னு மகள் கெஞ்சினா. அவளே எடுக்கலாம்னா பாஸ்வேர்ட் இவர்கிட்ட.

"மீட்டரை எடுத்துட்டா கோளாறை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு பாடம் நடத்தினார்.

அந்த ஞாயித்துக்கிழமை மூணரை மணிக்கு ஃப்ரேம் நாப்பத்தொண்ணு. திரையில ஆளுங்க தத்தித் தத்தி நடக்கறாங்க. இவர் ஸ்க்ரூடிரைவரோட வந்து நிக்கறார். "பத்தே நிமிஷம் கொடு, கார்டை ஒரு தடவை கழட்டிப் பார்த்துடறேன்." மகளுக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம்!

"வைங்க அதைக் கீழே! நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி நூத்தி நாப்பது வந்துச்சு. நீங்க ஏத்தி வெச்சிருக்கிற குப்பையைச் சுமக்க முடியாம அது மூச்சு வாங்குது. பாஸ்வேர்டைச் சொல்லுங்க!"

சொன்னார். மகள் ஒவ்வொண்ணாத் தூக்கிப் போட்டா. பதிவு நின்னதுமே தத்துன ஆளுங்க ஓட ஆரம்பிச்சுட்டாங்க. கடைசி மீட்டர்ல அவ கை போனப்போ இவர் பதறிட்டார்.

"அது ஒண்ணாவது இருக்கட்டும்மா. எத்தனை வருதுன்னு எப்படித் தெரியும்?"

"நல்லாத்தான் வருது. உட்காருங்கப்பா."

நாலு மணிக்கு ஆட்டம் ஆரம்பிச்சது. மூலையில பார்க்க நம்பர் இல்லை. இவர் கண்ணு அங்கேயும் இங்கேயும் அலைஞ்சுட்டு, வேற வழியில்லாம ஆட்டத்துக்கு வந்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சு என் காதுகிட்ட குனிஞ்சார்.

"இதுல நம்ம பொண்ணு எது?"

மூணு மாசமா அவ முதுகுக்குப் பின்னாடியே நின்ன மனுஷர் கேக்கறார்! எனக்குத் திட்டக்கூடத் தோணலை, மனசு கஷ்டமாப் போச்சு. "அந்தச் சிவப்புத் தொப்பி"ன்னேன். அதுக்கப்புறம் அவர் கண்ணு அந்தத் தொப்பியை விட்டு நகரலை.

ஆறு மணிக்கு, சேர்த்துக்கிட்டோம்னு செய்தி வந்தது. மகள் நாற்காலியோட திரும்பி, "நான் ஆடுனதைப் பார்த்தீங்களாப்பா?"ன்னா.

"இன்னைக்குத்தாம்மா பார்த்தேன்"னார்.