ராஜினாமாவுக்குச் செய்த ரவை கேக்

இன்று காலை குக்கரில் உப்பைப் பரப்பி ஒரு ரவை கேக் செய்தேன். சனிக்கிழமை. திருப்பதியில் எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் பாதிப் பேர் முட்டை தொட மாட்டார்கள். அதனால் தயிர் ஊற்றினேன்.

பதினொரு வருட வேலையை விடுகிறேன். மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். யாராவது வீட்டில் இருக்க வேண்டும். அந்த யாராவது நான்தான் என்று, நான் அடுப்படியில் இருந்தபோதே முடிவாகிவிட்டது. கேக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு, கையோடு ராஜினாமா கடிதத்தையும் கொடுப்பதாக இருந்தேன்.

லேபில் டப்பாவைத் திறந்ததும், நகரியிலிருந்து வேலைக்கு வரும் ஜோதி கூவினாள்: "இன்னாக்கா, பர்த்டேவ சொல்லாம மறச்சிக்கினு கீற!"

"அது இல்ல ஜோதி..." என்றேன்.

அதற்குள் எல்லோரும் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். ஜோதி பெரிய துண்டாக எடுத்து என் வாயில் திணித்தாள். "வயச மட்டும் சொல்லாதக்கா, துன்னு!"

மேனேஜர் எட்டிப் பார்த்து, "சல்லகா உண்டம்மா" என்று தெலுங்கில் ஆசீர்வாதம் செய்தார்.

கேக் நன்றாகத்தான் வந்திருந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "லெட்டர் குடுத்துட்டியா?"

"இல்ல. வாயில கேக் இருந்துச்சு."

திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன்.

என் பிறந்தநாள் தை மாதம்தான் வருகிறது. அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன். நீங்களும் வாழ்த்துவதாக இருந்தால் இன்றைக்கே வாழ்த்திவிடுங்கள்.