லீவில் வந்தவரும் மாரிச்செல்வியும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஊர் முடிந்து தென்னந்தோப்புகள் தொடங்குகிற இடத்தில் ஒரு ஓட்டல். கீழே சாப்பாடு, மாடியில் தங்கும் அறைகள். அங்கே ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவள் மம்சாபுரத்து மாரிச்செல்வி. அறை கூட்ட வந்தவளைக் கம்ப்யூட்டர் கைக்கு வந்ததும் முதலாளி காதர் பாய் அந்த நாற்காலிக்கு மாற்றிவிட்டார்.

தங்க வருகிறவர்கள் பெட்டியை இறக்கிய கையோடு, "இங்க பாக்க என்னம்மா இருக்கு?" என்பார்கள். அவள் மூச்சு விடாமல் சொல்வாள். ஆண்டாள் கோயில், பக்கத்துக் குன்றின் மேல் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள், செண்பகத்தோப்பில் பெரிய அணில், அய்யனார் அருவி. வருகிறபோது பால்கோவா வாங்கிக்கொள்ளுங்கள் என்பாள். கோயிலும் பெருமாள் மலையும் அவளுக்குப் பழக்கம். மற்றது எல்லாம் கேள்வி ஞானம்தான்.

போன புரட்டாசிக்கு முந்தின புரட்டாசியில், கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று அருவிக்குப் போய்விட்டுக் கடுகடுவென்று திரும்பியது.

"வெறும் பாறைதான் இருக்கு. சொட்டுத் தண்ணி இல்ல. நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"இல்லம்மா" என்றாள் மாரிச்செல்வி. பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் படியேறியதுதான் அவளுக்கு உறுத்தியது.

காதர் பாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஏம்மா, இந்தா இருக்கு அருவி. ஒரு தடவ கூடவா போகல?"

"எங்க பாய் போக? அவிய லீவுல வந்தா கல்யாண வீடு, காதுகுத்து, கூரைக்கு ஓடு மாத்துறதுன்னே நாளு ஓடிப்போவுது. தனியா எங்க போக?"

அவிய என்றது அவள் புருஷன் ஜெயபாண்டியை. மீசை அரும்பின வயசில் பட்டாளத்துக்குப் போனவர். கல்யாணம் முடிந்து, மகள் கல்பனா பிறந்து, அவளும் மதுரையில் நர்சிங் படிக்கப் போய்விட்டாள். இவ்வளவு காலமும் அவர் லீவுக்கு லீவு வந்து போகிற மனுஷராகவே இருந்தார்.

"தீபாவளிக்கு வருவாருல்ல? ரெண்டு பேரும் ஒரு நா நம்ம ஓட்டல்லயே தங்குங்க. வெளியூர்க்காரங்க மாதிரி சுத்திப் பாத்துட்டு வாங்க. ரூம் சும்மாதான கெடக்கு" என்றார் பாய்.

தீபாவளி கழிந்து கல்பனா ஹாஸ்டலுக்குப் போன மறுநாள், ஒரு பையை மாட்டிக்கொண்டு இருவரும் ஓட்டலில் பைக்கில் வந்து இறங்கினார்கள். மாரிச்செல்விக்குக் கூச்சமாக இருந்தது. தினமும் சாவி எடுத்துக் கொடுக்கிற கையில் அன்று சாவி வாங்கினாள். ஜெயபாண்டி அறைக்குள் போனதும் போர்வையைப் பிரித்து, மூலைக்கு மூலை சரியாக மறுபடி மடித்து வைத்தார்.

முதலில் அருவிக்குப் போனார்கள். மலையில் நல்ல மழை. வனத்துறை கேட்டில் காவலுக்கு நின்றவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"தண்ணி கூடிருச்சு. இன்னைக்கு யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு." ஜெயபாண்டியிடம் இரண்டு வார்த்தை பேசியவர், "சாருக்கு எந்த ஊரு? வடக்கயா?" என்றும் கேட்டார்.

"மம்சாபுரம்."

"பேச்சப் பாத்தா அப்பிடித் தெரியலையே!" என்று அவர் சிரித்தார். ஜெயபாண்டி சிரிக்கவில்லை. திரும்புகிற வழியில் புதிதாகப் போட்ட ரோட்டில் தடம் மாறிப் போய், மாரிச்செல்விதான் பின்னாலிருந்து வழி சொல்லிக் கொண்டுவந்தாள்.

செண்பகத்தோப்பில் ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே கிளையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு நீள வால் தொங்கியது. அவள் அவர் தோளைத் தட்டிக் காட்டுவதற்குள் அந்த அணில் அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது. இருவரும் அண்ணாந்து அதைத் தேடினார்கள். அவர் பார்வையை இறக்காமலே பேசினார்.

"செல்வி, சர்வீஸ் முடியுது. நீட்டிச்சுக் கேட்டா ரெண்டு வருசம் குடுப்பாங்க. எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"இங்க வந்து நான் என்ன செய்ய? ரோடு தெரியல. பாத்தவன் வடக்கத்தியான்னு நெனைக்கான். நம்ம வீட்டுல சீனி எதுல இருக்குன்னு உன்கிட்டதான் கேக்க வேண்டியிருக்கு."

உங்க இஷ்டம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எப்போதும் அப்படித்தான் சொல்லிவிடுவாள். அன்று நின்றுவிட்டாள். அவர் வருகிறார் என்றால் வீட்டைக் கழுவி, பங்காளிச் சண்டையைப் பேசாமல் அமுக்கி, மீன் வாங்கிப் பொரித்து, நல்லதை மட்டுமே காட்டி அனுப்பிவைத்திருக்கிறாள். தங்க வருகிறவர்களுக்குச் செய்வதும் இதுதானே? அப்புறம் அவருக்கு வீடு எப்படித் தெரியும்?

"போன வருசம் கல்பனாவுக்கு டெங்கு வந்துச்சு" என்றாள். "ஆஸ்பத்திரியில சேத்திருந்தேன். ரத்தம் ஏத்துனாங்க. உங்களுக்குச் சொல்லல."

அவர் எழுந்துவிட்டார். "எம்புள்ள அப்பிடிக் கெடந்தத எனக்குச் சொல்லலையா?"

"எல்லையில இருந்தீய. சொன்னா அங்க நின்னு தவிப்பீய, வேறென்ன?"

"தவிச்சுட்டுப் போறேன்ட்டி! தவிக்கிறதுலயாவது எனக்கு ஒரு பங்கு வேண்டாமா?"

அதே முகத்தோடு ஆண்டாள் கோயிலுக்குப் போனார்கள். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருபக்கம் நின்றார், அவள் ஒருபக்கம் நின்றாள். வாங்கின பால்கோவாவை யாரும் பிரிக்கவில்லை. ஓட்டல் பையன்களுக்கு முன்னால் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடிப்பது பெரும் பாடாக இருந்தது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று படுக்கையில் புரண்டாள்.

விடிந்ததும் டீ வந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை கழுவிவிட்ட மாதிரி நின்றது. அவர் தன் வலப்பக்கத்தைக் காட்டி, "இங்கிட்டு வந்து உக்காரு" என்றார்.

உட்கார்ந்தாள்.

"எடது காது எனக்குக் கேக்காது, செல்வி. பயிற்சியில பக்கத்துல குண்டு வெடிச்சுது. ரெண்டு வருசமாச்சு. டாக்டர் இனி தெளியாதுன்னுட்டார்."

அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள், அவர் திரும்ப மாட்டார். மனசு இங்கே இல்லை, ரெஜிமென்ட்டில் கிடக்கிறது என்று நினைத்து அழுதிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"நீ தவிப்பேன்னுதான்" என்றார்.

அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். டீ ஆறிப்போயிற்று. அறையைக் காலி செய்கிற நேரம் தாண்டியும் உட்கார்ந்து பேசினார்கள். பங்காளிகளோடு கிணற்றுத் தகராறு, அவள் வாங்கின நகைக் கடன், அவருக்குப் பதவி உயர்வு கிடைக்காமல் போனது எல்லாம் வந்தது. காதர் பாய் யாரையும் மேலே அனுப்பவில்லை.

ஜெயபாண்டி நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்கவில்லை. மாசியில் பெட்டியோடு வந்து சேர்ந்தார். வந்தபின் முதல் சில மாதம் போட்ட சண்டையை அவர்கள் அதுவரைக்கும் போட்டதில்லை. அவள் வேலை முடிந்து வந்தால் அடுப்படி டப்பாக்கள் உயர வாரியாக அணிவகுத்து நிற்கும். மிளகுப்பொடி எங்கே என்று தேட வேண்டும். வன்னியம்பட்டியில் இருக்கிற அவள் அண்ணனுடைய தோப்பை அவர் குத்தகைக்கு எடுத்தார். காட்டுப்பன்றி புகுந்து முதல் வெள்ளாமையை அழித்தது. அன்று அவர் முற்றத்தில் உட்கார்ந்து திட்டின திட்டில் ஒரு இந்தி வார்த்தை இல்லை.

அவளுக்கு வார லீவு கிடைக்கிற நாளில் இரண்டு பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். போன வாரம் சேத்தூர்ப் பக்கம் போனார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு புளியமரத்தடியில் தெப்பலாக நனைந்து நின்றார்கள். வானம் கருத்திருக்கிறதே, போக வேண்டாம் என்று முதலில் சொன்னது யார் என்று வீடு வந்து சேரும்வரைக்கும் வாக்குவாதம்.