வெள்ளித்தாள் வைத்த மின் சிகரெட்



துபாய் கராமாவில் என் ரூமில் இருக்கும் சேவியர் அடுத்த வாரம் லீவில் ஊருக்குப் போகிறான். சிகரெட்டை விட்டுவிட்டதாக மகளிடம் சொல்லியிருக்கிறான். அதற்காக வாங்கிய மின் சிகரெட்டை இன்று இழுத்தால் புகை வரவில்லை.

"கான்டாக்ட்தான் சரியில்ல அண்ணாச்சி" என்று பேட்டரியைக் கழற்றித் துடைத்தான். பலனில்லை. டிவி ரிமோட்டுக்குச் செய்வதுபோல, என் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்து உள்ளே வைத்துத் திருகினான்.

"அய்யோ, சுடுது" என்று கையை உதறினான். மின் சிகரெட் உருண்டு, ஊருக்காகக் கட்டிய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் விழுந்தது. பெட்டி நிறைய பாடி ஸ்ப்ரே. ரூமின் ஒரே கதவுக்குக் குறுக்கே அவற்றை அடுக்கியிருந்தோம்.

சீறல் கேட்டது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பெட்டிகளை இழுத்தோம். சேவியர் ஈரத்துண்டால் அதைப் பிடித்து பாத்ரூம் வாளியில் போட்டான்.

பிறகு கட்டிலில் வந்து உட்கார்ந்தோம்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. மகளுக்குத் தெரிய வேண்டாம்."

கொடுத்தேன். லைட்டரைத் தட்டத்தான் இருவருக்கும் தைரியம் வரவில்லை. உங்களில் யாருக்காவது இருந்தால் வாருங்கள். கதவு இப்போது திறக்கிறது.