இரண்டு முகப் பந்தலும் சம்பந்தியம்மாவின் கைக்கண்ணாடியும்

உள்ளங்கையில் அடங்கிவிடும் வட்டக் கண்ணாடி அது. சிவப்புப் பிளாஸ்டிக் விளிம்பு, ஓரிடத்தில் விரிசல் விட்டு, அந்த இடத்தில் மஞ்சள் நூல் சுற்றியிருக்கும். என் சம்பந்தியம்மா அதில் முகம் பார்த்து நான் கண்டதில்லை. அவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருந்தது. அண்ணாந்தால் தலை சுற்றும். அதனால் உயரத்தில் எதைப் பார்க்க வேண்டுமானாலும் அந்தக் கண்ணாடியை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, குனிந்து அதற்குள் பார்ப்பார். தென்னையில் காய் முற்றியதா என்பதையும், பரண்மேல் பூனை குட்டி போட்டிருக்கிறதா என்பதையும் அப்படித்தான் பார்த்தார். வாசலில் தன் மகன் போட்ட சோலார் பந்தலையும் அப்படித்தான் பார்த்தார். வானத்தையே இடுப்பளவுக்கு இறக்கிப் பார்க்கிறவர் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை. நான் எதையுமே வெளியே சொல்கிற ஆள் இல்லை.

நான் திருவந்திபுரத்துக்காரி. மகளை மேல்பட்டாம்பாக்கத்தில் கொடுத்திருந்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதாலோ, பிறவிக் கூச்சமோ, நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. பெண்ணைப் பார்க்கப் போனால் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வேன். சம்பந்தியம்மா அதற்கு நேர் எதிர். மீட்டர் பார்க்க வருகிறவரையும் விடமாட்டார், மாட்டுக்கு ஊசி போட வருகிறவரையும் விடமாட்டார். கேள்வி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்புவார். "என்னா சம்பந்தி, உங்களுக்கும் கேக்கணும்னு தோணுதுல்ல? வாயத் தொறக்க மாட்டீங்க. இருங்க, உங்களுக்கும் சேத்து நானே கேக்கறேன்." உண்மையில் எனக்கும் தோன்றத்தான் செய்யும். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

மாப்பிள்ளை மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இனி ஊரிலேயே சோலார் போட்டுக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று நினைத்து, முதலில் சொந்த வாசலிலேயே செய்து காட்டினார். நான்கு இரும்புத் தூண், ஆள் உயரத்துக்கும் மேலே சட்டம், அதன்மேல் கூரைபோலக் கண்ணாடிப் பலகைகள். கீழே வண்டிகள் நிழலில் நிற்கும். அக்கம்பக்கத்து மாடிகளில் இருக்கிற பலகைகளுக்குக் கீழ்ப்பக்கம் வெள்ளையாக மூடியிருக்கும். இதற்கு மேலும் கண்ணாடி, கீழும் கண்ணாடி. கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே வெயில் கசிந்து, தரையில் கட்டம் போட்ட லுங்கி விரித்ததுபோல் விழும். "மேல அடிக்கற வெயில்லயும் கரண்ட் எடுக்கும்மா. தரையில பட்டுத் திரும்பி மேல போற வெளிச்சத்துலயும் எடுக்கும்" என்றார் மாப்பிள்ளை.

சம்பந்தியம்மா கண்ணாடியை இடுப்பில் பிடித்துக்கொண்டு பந்தலுக்கடியில் ஒரு சுற்று வந்தார். "அப்படின்னா இதுக்கு முதுகுலயும் ஒரு வாய் இருக்குதுன்னு சொல்லு."

அன்றிலிருந்து அந்த முதுகு வாய்க்கு என்ன பிடிக்கும் என்று பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. எவ்வளவு கரண்ட் வருகிறது என்று மாப்பிள்ளையின் செல்போனில் எண் ஓடும். ஒருநாள் நான் போயிருந்தபோது, நிழல் முடிந்து வெயில் தொடங்குகிற இடத்தில் புழுங்கலரிசியைப் பரப்பி வைத்து, என்னைப் போனைப் பிடிக்கச் சொன்னார். பிறகு அரிசியை வாரிவிட்டு அதே இடத்தில் மிளகாயைக் கொட்டினார். "அரிசிக்கு ஏறுது, மொளகாய்க்கு எறங்குது. காரம் ஆவல போல." மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து, வெள்ளை நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், நிழலுக்குள்ளே வைப்பதைவிட வெயில் படுகிற ஓரத்தில் வைத்தால் இன்னும் நன்றாக அனுப்பும் என்று விளக்கினார். அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எண் சடாரென்று இறங்கியது. சம்பந்தியம்மா தூணில் உட்கார்ந்திருந்த காக்கையை விரட்டினார். "அது காக்கா இல்லம்மா, மேகம்" என்றார் மாப்பிள்ளை. "அத மொதல்ல சொல்லக் கூடாதா? பாவம், வாயில்லாத ஜீவன அடிச்சித் தொரத்திட்டனே." நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். இப்படிக் குனிந்து குனிந்து வெளிச்சம் எங்கே போகிறது என்று பார்ப்பதில் எனக்கும் ஓர் ஆசை வந்துவிட்டது. ஊரில் சுண்ணாம்படித்த சுவரைக் கடக்கும்போது, எதிரே நிற்கிற மாட்டின் வயிறு வெளுத்துத் தெரிவதை அதற்கப்புறம்தான் கவனித்தேன். அதுவரைக்கும் வெளிச்சம் மேலிருந்து மட்டுமே வரும் என்று இருந்தேன்.

ஆனால் பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்களே ஒழிய, யாரும் வேலை கொடுக்கவில்லை. மகள் உண்டானாள். மஸ்கட்டிலிருந்து பழைய முதலாளி விசா அனுப்பிவிட்டார். போனால் பிள்ளை பிறக்கும்போது மாப்பிள்ளை இருக்கமாட்டார், தவழும்போதும் இருக்கமாட்டார். கடைசியாகச் சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர், வெளி முற்றத்துக்கு இப்படிப் பந்தல் போடலாமா என்று விசாரித்தார். அவர் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். அவர் ஒத்துக்கொண்டால் மாப்பிள்ளை இருப்பார், இல்லையென்றால் விமானம் ஏறுவார். மகள் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த விஷயத்தில் அவள் என் பெண்.

அந்த மண்டபத்துக்காரருக்கு ஓய்வு கிடைத்தது மகளின் வளைகாப்பு அன்றைக்குத்தான். மாப்பிள்ளை விடிந்ததும் அவரைக் காரில் அழைத்துவரச் சிதம்பரம் போய்விட்டார். நாங்கள் பிறந்தவீட்டுச் சீரோடு போய் இறங்கினோம். வளையல், புடவை, ஐந்து வகைச் சாதம். கூடவே மேற்கட்டுத் துணி. எங்கள் பக்கத்தில் சுபகாரியம் என்றால் பந்தலுடைய அடிப்புறம் மொட்டையாகத் தெரியக் கூடாது. சலவைக்காரரிடம் சொல்லி வெளுத்த வெள்ளைத் துணியைப் பந்தலுக்கடியில் இழுத்துக் கட்டுவோம். பெண்ணுக்குச் செய்யும்போது அது பிறந்தவீட்டு முறை. நான் தட்டுகளை உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன். என் மகன் ஏணி போட்டு ஏறி, ஒரு சுருக்கம் இல்லாமல் பந்தல் முழுக்கக் கட்டி முடித்துவிட்டான். வந்தவர்களெல்லாம் லட்சணமாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சமையற்கட்டிலிருந்து சம்பந்தியம்மா வெளியே வந்தார். பழக்கப்படி கண்ணாடியை எடுத்துப் பிடித்துக் குனிந்தார். அதற்குள் வெள்ளைத் துணிதான் தெரிந்திருக்கும். என்னை ஒருமுறை பார்த்தார். "அழகா இருக்குது சம்பந்தி" என்று மட்டும் சொல்லி, கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டார். எதையும் கேட்டுவிடுகிற மனுஷி அன்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த முதுகு வாயை நாங்களே துணியால் மூடிவிட்டோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கார் வந்து நின்றது. மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். நிமிர்ந்தார். "எப்படி மச்சான்? மண்டபத்துலகூட இப்படிக் கட்ட மாட்டான்" என்றான் என் மகன் ஏணியைச் சாத்தியபடி. "நல்லா இருக்குது மச்சான்" என்றார் மாப்பிள்ளை. முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் சீராக வந்த துணியை அவிழ்க்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மண்டபத்துக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "அடியிலயும் வெளிச்சம் வாங்கும்னு சொன்னியே தம்பி. அடியவே காணும்?" போனில் இருந்த எண்ணையும் பார்த்தார். ஒரு முகப் பலகை தருவதைவிடக் கொஞ்சம்தான் கூடத் தரும் இது. அந்தக் கொஞ்சத்தைக் காட்டத்தான் மாப்பிள்ளை இவ்வளவு தூரம் அவரை அழைத்து வந்திருந்தார். அது துணிக்குப் பின்னால் போய்விட்டது. "எம் மண்டபத்துலயும் கல்யாணத்துக்குக் கல்யாணம் துணி கட்டத்தான் போறாங்க. அப்பறம் ரெண்டு பக்கம் எனக்கு எதுக்கு? சாதாரணமாப் போட்டுத் தர ஆளுங்க இருக்காங்கப்பா." மாப்பிள்ளை அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். தலை நிறையப் பூ.

"துணிய அவுத்துடுப்பா" என்றேன்.

யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இந்த முறை எனக்கே பயமாக இருக்கும்படி சத்தம் வந்துவிட்டது. என் மகன் கோபமாக அருகே வந்தான். "என்னாம்மா பேசற? நல்ல காரியத்துக்குக் கட்டினத அவுக்கறதா? சம்பந்தி வூட்டுல என்னா நெனப்பாங்க?"

"கீழ விரி. புள்ள அதுல நடந்து வரட்டும்."

கோயிலில் சாமி புறப்படும்போது தரையில் நடைபாவாடை விரிக்கிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சம்பந்தியம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா எல்லாரும்? கல்யாணம் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் எஞ் சம்பந்தி கொரல நானே கேக்கறேன். அவுங்க சொன்னா சொன்னதுதான். ஏறுப்பா ஏணியில."

துணி இறங்கியது. வாசற்படியிலிருந்து பந்தலுக்கடியில் விரித்தார்கள். மீதியைச் சம்பந்தியம்மாவே இழுத்துக்கொண்டு போய் வெயில் கொளுத்துகிற ஓரம்வரைக்கும் பரப்பினார். பந்தலின் அடிப்புறம் பளிச்சென்று வெளுத்தது. மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். அவள் கன்னத்தின் அடியிலும் வெளிச்சம் இருந்தது. சம்பந்தியம்மா ஒரு கையில் போன், ஒரு கையில் கண்ணாடியோடு மண்டபத்துக்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "ஏறுதா? பாருங்க, பாருங்க." ஏறிக்கொண்டிருந்த எண் திடீரென்று இறங்கியது. "இப்ப என்னாம்மா ஆச்சு?" என்றார் அவர். "மேகம் போவுது. சித்த பொறுங்க, இதோ போயிடும்" என்று தன் வீட்டு ஆளைப்பற்றிச் சொல்வதுபோல் சொன்னார் சம்பந்தியம்மா. மேகம் போயிற்று. அந்த வாசலில் அதுவரை நாங்கள் பார்க்காத எண் வந்தது. மண்டபத்துக்காரர் எண்ணைவிட்டுவிட்டு, சம்பந்தியம்மாவின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க முற்றம் கருங்கல்லாச்சே" என்றார். வெள்ளை ஓடு பதித்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. "துணி?" என்று கேட்டார் மண்டபத்துக்காரர். "கீழ விரிச்சிக்கட்டும்" என்று சம்பந்தியம்மா முந்திக்கொண்டார்.

மண்டபத்துக்காரர் அன்று எதுவும் முடித்துச் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் இரண்டு வீட்டிலும் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தோம். மாப்பிள்ளை மஸ்கட்டுக்குக் கிளம்பப் பெட்டி கட்டுகிற சமயத்தில்தான் அவர் கூப்பிட்டு, முற்றத்தில் பாதிக்கு மட்டும் போடு, பார்க்கலாம் என்றார். பாதி போதுமானதாக இருந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தபோது மாப்பிள்ளை வெளியே நின்றிருந்தார். செருப்பை எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

சம்பந்தியம்மா இப்போது இல்லை. கண்ணாடியை மகள் என்னிடம் கொடுத்தாள். "அவுங்க உனக்குத்தான் குடுக்கச் சொன்னாங்கம்மா" என்றாள்.

போன மாதம் உறவில் ஒரு கல்யாணம், அதே சிதம்பரத்து மண்டபத்தில். முற்றம் முழுவதுக்கும் பந்தல் வந்துவிட்டது. ஓரங்களில் மட்டும் பூத்தோரணம், அடிப்புறம் மொட்டையாக விடப்பட்டிருந்தது. தரையில் வெள்ளை ஓடு. கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே கசிந்த வெயில் பட்டுப்புடவைகள்மேல் விழுந்து நகர்ந்துகொண்டிருந்தது. நான் வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வயிற்றுக்கு நேராகப் பிடித்துக் குனிந்தேன். மஞ்சள் நூல் இன்னும் அவிழவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள், பார்க்காத முகம், கை நீட்டினார். "பொட்டு சரி பண்றீங்களா? குடுங்க, நானும் ஒருதரம் பாத்துட்டுத் தரேன்."

"மொகத்த அப்பறம் பாத்துக்கலாம். இடுப்புகிட்ட இப்படிப் புடிச்சிக்கிட்டு, குனிஞ்சு பாருங்க."

அவர் சந்தேகத்தோடு வாங்கிக் குனிந்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. "என்னாங்க இது, அடியிலயும் கண்ணாடியா இருக்குது? வெயிலு மேல இல்ல இருக்குது, அடியில எதுக்கு?"

நான் என் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.