போர் குழிக்குள் இறக்கிய ஸ்பீக்கர்

எனக்குச் சங்கீதம் தெரியாது. காதும் அப்படியொன்றும் கூர்மையானதல்ல. சின்ன வயதில் சீழ் வடிந்த வலது காது, சொல்வதில் பாதியைத்தான் இன்றுவரை உள்ளே விடுகிறது. ஆகவே நான் ஸ்பீக்கர் பைத்தியமானது இசை ஆர்வத்தால் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடைந்த சாமானைச் சும்மா விட முடியாத வியாதி, அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பகலில் சம்பளம் தருகிற வேலை. சாயங்காலம் அம்மாபேட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடையில் குந்தி உட்கார்ந்து குப்பையைக் கிளறுகிற வேலை. வால்வு ரேடியோவின் வயிற்றிலிருந்து பிடுங்கியது, கோயில் மரத்திலிருந்து விழுந்து நெளிந்த புனல், பஸ்ஸில் பாடிப் பாடித் தொண்டை கட்டியது என்று எல்லா ரகமும் அங்கே இரும்போடு இரும்பாகக் கிடக்கும். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்க டாக்டரு, இன்னிக்கு ரெண்டு பொணம் வந்திருக்குதுங்க" என்பார்.

பழைய ஸ்பீக்கருக்குப் பெரும்பாலும் இரண்டே நோய். காகிதக் கூம்பு கிழிந்திருக்கும். அல்லது காந்தத்தின் இடுக்கில் ஆடுகிற கம்பிச் சுருள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசும். கிழிசலுக்கு மெல்லிய துணியை மரவள்ளி மாவுப் பசையில் தோய்த்து ஒட்டுவேன். முதலில் ஒட்டியதை எலி தின்றுவிட்டது. பிறகு புத்தகம் பைண்டு செய்கிறவர்களைப் பார்த்துப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தேன். எலி ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு, பத்திரிகை விமர்சகரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று. சுருளுக்கு வைத்தியம் சினிமா பிலிம். துண்டு துண்டாக வெட்டி இடுக்கில் சுற்றிலும் செருகினால் சுருள் நடுவில் நிற்கும். அப்படியே ஒட்டிக் காயவிட்டு, பிலிமை உருவிவிட வேண்டியது. எந்தக் கதாநாயகனின் எந்தப் பாகம் உள்ளே போகிறது என்றெல்லாம் பார்ப்பதில்லை.

என் வைத்தியத்தின் உச்சம், மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மாமனார் ஊர் டூரிங் கொட்டகையை மூடியபோது வாங்கிய பெரிய ஸ்பீக்கர். திரைக்குப் பின்னால் நின்று அழுது, சிரித்து, சண்டை போட்ட ஸ்பீக்கர். உள்ளே குருவி கூடு கட்டியிருந்தது. மாதக்கணக்கில் உழைத்து அதை எழுப்பினேன். ஈரம் ஏறாதிருக்க அதைக் கட்டிலில்தான் வைத்திருந்தேன்.

"ஏனுங்க, அது கட்டல்ல படுத்துக்கும், நாம எங்கீங்க படுக்கறது?" என்றாள் மனைவி.

"சங்க காலத்தில் முரசுக்கே கட்டில் போட்டு வைத்திருந்தார்கள்."

"அந்த ராசா ஊட்டம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டாருங்களா?"

என் படிப்பு முழுவதும் அவளிடம் இப்படித்தான் செலவாகிவிடும்.

கோடையில் ஊர் மாரியம்மன் நோம்பி வந்தது. அதற்குப் பாட்டுப் போடலாம் என்று பெரிய ஸ்பீக்கரையும், கார் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயரையும் மாமனார் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். மைக் வாங்க வசதியில்லை. அதற்குப் பதில் ஒரு சின்ன ரேடியோ ஸ்பீக்கர் வைத்திருந்தேன். ஸ்பீக்கரின் வாயில் பேசினால் அதுவே மைக்காக வேலை செய்யும். பேச்சில் கூம்பு ஆடும், ஆட்டத்தில் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதன் காந்தம் வயதாகித் தளர்ந்திருந்ததால், செத்த ஸ்பீக்கர்களிலிருந்து எடுத்த இரண்டு வளையக் காந்தங்களை அதன் முதுகில் ஒட்டி நானே பலப்படுத்தியிருந்தேன். மேசையில் வைத்தால் சாவி, ஊக்கு, மனைவியின் கத்தரிக்கோல் எல்லாம் அதை நோக்கி நகரும். அதில் எனக்குப் பெருமை.

நான் போய் இறங்கியபோது தோட்டத்தில் திருவிழாக் களை இல்லை. ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடுகிற ரிக் வண்டி நின்றிருந்தது. மழை பொய்த்த வருஷம். கிணற்றில் குடம் மூழ்குகிற அளவுக்குத்தான் தண்ணீர். மரவள்ளி இலைகள் கை கூப்பியபடி தொங்கின. இந்தக் குழியிலும் தண்ணீர் வராவிட்டால் எருமைகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டு, நிலத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிக்குக் குத்தகைக்கு விடுவது என்று மாமனார் முந்தின நாளே முடிவெடுத்திருந்தார். அந்தப் பங்காளியும் வேடிக்கை பார்க்க வந்து, வேப்ப மரத்தடியில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் தோட்டத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, வாய்க்கும் குறைவில்லை.

குழியிலிருந்து காலையிலிருந்தே வெள்ளைப் பாறைப் பொடிதான் பறந்திருக்கிறது. மரம், மாடு, மாமனார் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தார்கள்.

"ஏப்பா, கோலமாவு யாவாரம் ஆரம்பிச்சிட்டியா?" என்றார் பங்காளி.

மாமனார், குழியின் மேல்பகுதியில் மண் சரியாமலிருக்க இறக்கியிருந்த இரும்புக் குழாயின் வாயில் காதை வைத்துப் படுத்திருந்தார்.

"சலசலன்னு கேக்குதப்பா."

ரிக் வண்டியின் மேஸ்திரி, துளை போடும் ராடுகளையெல்லாம் வெளியே எடுத்து அடுக்கிவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். "அது உங்க காதுல ஓடற ரத்தமுங்கய்யா. குழில ஈரமே இல்லீங்க. ஆட்டையாம்பட்டில அடுத்த குழிக்கு ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. இன்னும் ஆழமா எறக்கறதுன்னா இப்பவே சொல்லுங்க, இல்லைன்னா நாங்க கெளம்பறமுங்க."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு மோர் குடித்திருக்கலாம். ஆனால் படித்தவனுக்கு அந்தப் பாக்கியம் ஏது?

"மாமா, காது எதற்கு? என் சின்ன ஸ்பீக்கரை ஒயரில் கட்டி உள்ளே இறக்கினால், அடியில் கேட்பதைப் பெரிய ஸ்பீக்கரில் ஊரே கேட்கலாம்" என்றேன்.

மாமனார் எழுந்து உட்கார்ந்தார். "நெசமாவா மாப்ள?"

"விஞ்ஞானம் மாமா."

"ஏனுங்க, வேண்டாமுங்க" என்றாள் மனைவி. என் விஞ்ஞானத்தோடு குடும்பம் நடத்துகிறவள் அவள்தானே.

மேஸ்திரிக்கே ஆர்வம் வந்துவிட்டது. வண்டியில் கிடந்த ஒயர்ச் சுருளை எடுத்துக் கொடுத்தார். ஸ்பீக்கரைக் கட்டிக் குழாய்க்குள் விட்டோம். ஒயரை நானே விட்டுக்கொண்டே இருந்தேன். போய்க்கொண்டே இருந்தது.

"கனமே தெரியலையேங்க?" என்றார் மேஸ்திரி, ஒயரைத் தொட்டுப் பார்த்து.

"ஆழத்துக்குப் போனால் அப்படித்தான் இருக்கும்" என்றேன். அந்த வாக்கியத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குழாய்க்குப் பக்கத்தில் பெரிய ஸ்பீக்கரை நிமிர்த்தி வைத்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். அதற்குள் அக்கம்பக்கத் தோட்டத்துச் சனமெல்லாம் வந்து வளைத்துக்கொண்டது. முதலில் ஒரு பெரிய 'ம்ம்ம்' என்ற முனகல். "பூமாதேவி!" என்று ஒரு கிழவர் துண்டை இடுப்பில் கட்டினார். முனகலுக்குப் பின்னால் ஏதோ கரகரத்தது. பிறகு, குழிக்குள்ளிருந்து மிகத் தெளிவாக ஓர் ஆண் குரல் சொன்னது:

"மரவள்ளிப் பயிருக்கு இந்தப் பருவத்தில் வாரம் ஒரு முறை தவறாமல் நீர் பாய்ச்ச வேண்டும்."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. மாமனார் மட்டும் குழாயைப் பார்த்துக் கோபமாக, "தண்ணி இருந்தாப் பாச்ச மாட்டமா? நீ கண்டயா?" என்றார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அத்தனை நீள ஒயர் ஏரியலாகிவிட்டது. என் பற்றவைப்பின் லட்சணத்துக்கு ஆம்ப்ளிஃபயர் ரேடியோவின் மதியத்து விவசாய நிகழ்ச்சியைப் பிடித்துவிட்டது. ஒயரை அப்படி இப்படி ஆட்டிக் குரலை விரட்டினேன். பங்காளி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, அப்படியே வெலவாசி நெலவரமும் கேட்டுச் சொல்லச் சொல்லு!"

சிரிப்பு அடங்குவதற்குள் அது கேட்டது.

சொர்ர்ர்ர் என்று கனமாக, தாராளமாக, ஒரே சீராக. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விழுகிற தண்ணீர். எந்தக் குடியானவனுக்கும் அந்தச் சத்தத்தில் சந்தேகம் வராது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். துண்டு கட்டிய கிழவர் கையெடுத்துக் கும்பிட, அவரைப் பார்த்து மற்றவர்களும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பங்காளியின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

மாமனார் கண்ணைத் திறந்தார். பொடி படிந்த கன்னத்தில் இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன.

"எறக்குப்பா ராட! தண்ணி வார வரைக்கும் எறக்கு!"

ராடு இறங்க வேண்டுமானால் ஸ்பீக்கர் வெளியே வர வேண்டும். நான் ஒயரை இழுத்தேன். மளமளவென்று வந்தது. கடைசியில் சடக்கென்று நின்றது. மேஸ்திரி வண்டியின் கண்ணாடியைக் கழற்றிவந்து வெயிலைக் குழாய்க்குள் அடித்துக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

"ஏனுங்க சார், உங்க ஸ்பீக்கரு எங்கீமே போகலீங்க. இதோ, பைப்புக் கழுத்துலயே பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க."

நான் பார்த்துப் பார்த்துப் பலப்படுத்திய காந்தம். இரும்புக் குழாயைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டுவிட்டது. ஒயர் மட்டும்தான் பாதாளம் போய் வந்திருக்கிறது.

"அப்ப, கேட்ட தண்ணி?" என்றார் மாமனார்.

கையில் மோர்ச் சொம்போடு நின்றிருந்த மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அட சாமி! பைப்புக்கு அக்கட்டால நம்ம எருமை நிக்குது பாருங்க. நீங்கெல்லாம் கண்ண மூடிக்கிட்டு இருக்கையில அது மோண்டுக்கிட்டு இருந்துச்சு. அதையா இத்தன சனம் கையெடுத்துக் கும்புட்டீங்க?"

எருமை எங்களைப் பார்த்தது. குழாயின் அடியில் ஈரம் பளபளத்தது. அந்தத் தோட்டத்தில் அன்று இருந்த ஒரே ஈரம் அதுதான்.

கூட்டம் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவரும் திறமை எனக்கில்லை. பங்காளி வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேஸ்திரி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமனாரிடம், "கெளம்பட்டுங்களாய்யா?" என்றார், மெதுவாக.

மாமனார் மரவள்ளியைப் பார்த்தார். எருமையைப் பார்த்தார். பிறகு சிரிக்கிற பங்காளியைப் பார்த்தார். அந்த மூன்றாவது பார்வைதான் முடிவு செய்தது என்று நினைக்கிறேன்.

"எறக்குன்னு சொல்லிப்போட்டேன். என்ற மாப்ள சொல்லி, ஊரே கும்புட்டாச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான். எறக்கு."

மேஸ்திரி குழாயிலிருந்து சின்ன ஸ்பீக்கரைப் பிய்த்தெடுத்து என் கையில் கொடுத்தார். இனி அந்தக் குழியில் வருவது பொடியானால், அது என் பொடி. எருமை சந்தைக்குப் போனால் நான்தான் ஓட்டிக்கொண்டு போவதாக அர்த்தம். கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. மறுபடியும் வெள்ளைப் புகை. ராடுக்கு மேல் ராடு இறங்கியது. சனம் சிரித்து முடித்துக் களைத்து ஒவ்வொருவராகக் கிளம்பியது. பங்காளி கிளம்பவில்லை. தோற்பதைக் கூட இருந்து பார்ப்பதும் ஓர் உறவுக் கடமைதானே.

வெயில் சாய்கிற நேரத்தில் புகை கொஞ்சம் மங்கியது. மேஸ்திரி கையை நீட்டிப் பொடியைப் பிடித்து விரலில் நசுக்கினார். உருண்டை பிடித்தது. அந்த உருண்டையை மாமனார் கையில் வைத்தார். மாமனார் அதை முகர்ந்து பார்த்தார். அப்புறம் பூமி ஒரு தடவை இருமியது. சாம்பல் நிறச் சேறு வேப்ப மரத்து உயரத்துக்குப் பீறிட்டு எழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர்!

மாமனார் அதன் அடியில் போய் நின்றுகொண்டார். மாமியார் சொம்பை எறிந்துவிட்டு ஓடிவந்தார். என் மனைவி அப்பாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். பங்காளியே துண்டை உதறிக்கொண்டு, "அடங்கப்பா, எருமை வாக்குப் பலிச்சிருச்சுடா!" என்று கத்தினார்.

அந்தக் கூட்டத்தில் தண்ணீரைப் பார்த்து அலறியவன் நான் ஒருவன்தான். குழாய்க்குப் பக்கத்திலேயே, வாயை வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு என் பெரிய ஸ்பீக்கர் நின்றிருந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். கூம்பு நிறையச் சேறு. மாதக்கணக்கான ஒட்டு வேலை கூழாகி என் முழங்கை வழியே ஒழுகியது. சொட்டச் சொட்ட வந்த மாமனார் என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"மாப்ள, காஞ்சாப் பாடுமுங்களா?"

"பாடும் மாமா" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு பதில் சொல்ல யாராலும் முடியாது.

அந்த வருஷம் நோம்பிக்குப் பாட்டு இல்லை. மரவள்ளி பிழைத்தது. எருமைகள் சந்தைக்குப் போகவில்லை.

மழைக்காலம் நெருங்குகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரிக் மேஸ்திரி விலாசம் விசாரித்துக்கொண்டு சேலத்து வீட்டுக்கே வந்தார். நான் கூடத்தில் வேறொரு ஸ்பீக்கரின் இடுக்கில் பிலிம் செருகிக்கொண்டிருந்தேன். காபி குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"ஏனுங்க சார், அந்தச் சின்ன ஸ்பீக்கர ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா? ஆட்டையாம்பட்டில ஒருத்தரு, அத வெச்சுப் பாக்காம ராடு எறக்க உட மாட்டேங்கறாருங்க."

"அது பைப்பில் ஒட்டிக்கொண்டதை நீங்கள்தானே கண்டுபிடித்தீர்கள்?"

"நானேதானுங்க."

"அதை அவரிடம் சொல்லவில்லையா?"

"சொன்னனுங்க. எல்லாத்தையும் வெவரமாச் சொன்னனுங்க."

"என்ன சொன்னார்?"

மேஸ்திரி காபி டம்ளரைத் தரையில் வைத்தார்.

"'அப்படின்னா எருமையையும் சேர்த்துக் கூட்டியா'ங்கறாருங்க. உங்க மாமனாரு குடுப்பாருங்களா? நீங்கதான் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லோணும்."